மூன்று நிமிடத் தண்ணீர்

காலை ஏழு மணிக்கெல்லாம் பாட்டில்காரர் தெருவில் இறங்கிவிடுவார். தோளில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பனிக்கட்டிப் பை, அதன் நடுவே பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்கள். நகரக் குடிநீர் அலுவலகத்தில் அவருடைய வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை. ஊருக்கு அவர் பாட்டில்காரர். வீட்டுக் குழாய்களில் தண்ணீர் பிடித்து, லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்துகொண்டிருந்தார்.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதற்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் எதற்கு என்று கேட்பவர்கள் அவர் பிடிப்பதைப் பார்த்ததில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் குழாயின் வாயைத் துடைப்பார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். குழாயை முழுதாகத் திறந்து, மூன்று நிமிடம் தண்ணீரைச் சும்மா ஓடவிடுவார். வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்த முறை அது. இரண்டரை நிமிடத்தில் மூடியைத் திறந்ததாக அவர்மேல் யாரும் பழி சொல்ல முடியாது. மூன்று நிமிடம் ஆனபின் மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் கழற்றி, கழுத்துவரை பிடித்து, இறுக்கி, சீட்டு ஒட்டுவார்.

வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "என்னங்க, ஒரு குடம் தண்ணி சாக்கடைக்குப் போகுது" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

"உங்க வீட்டுக் குழாய்க்குள்ள ராத்திரி பூரா தேங்கினது எனக்கு எதுக்கும்மா? மெயின் லைன்ல என்ன ஓடுதோ அதைத்தான் நான் பாக்கணும்" என்பார்.

சொல்வாரே தவிர, அந்த மூன்று நிமிடமும் அவருக்கு வயிறு எரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஊரின் ஆழ்குழாய்கள் வறண்டபோது, லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்களை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஒரு பெண்மணி, தரையில் சிந்தியதைத் துணியில் ஒற்றிக் குடத்துக்குள் பிழிந்தாள். அன்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. அலுவலகத்துக்காகக் கொட்டித் தொலைக்கிறாரே ஒழிய, வீட்டில் அந்தக் கதையே கிடையாது. குழாயைத் திறந்தால் அடியில் பாத்திரம் இருக்க வேண்டும். விடிந்ததும் வரும் முதல் தண்ணீர் அடுப்பில் ஏறும் கெட்டிலுக்கு. இதுதான் வீட்டுச் சட்டம், இயற்றியவர் அவர்.

"ஊர்ல எல்லாம் வாரி இறைச்சிட்டு வந்து, வீட்டுல மட்டும் என்ன கஞ்சத்தனமோ" என்று மனைவி கேலி செய்வாள்.

"அது டூட்டி. இது நம்ம வீடு" என்பார் அவர். அவளும் சிரித்துக்கொண்டே கெட்டிலை எடுத்துக் குழாயடியில் வைப்பாள்.

வீடு என்பது அலுவலகம் கொடுத்த குவார்ட்டர்ஸ். ஒரே சுவரை இருபுறமும் பங்கு போட்டுக்கொண்ட பன்னிரண்டு வீடுகள். எல்லாம் குடிநீர்க்காரர்கள்தான்: பம்ப் டிரைவர், மீட்டர் பார்க்கிறவர், குளோரின் அறைக்காரர், குழாய் ரிப்பேர் பார்ப்பதால் ஸ்பானர் என்றே பெயரான பையன். கட்டி எத்தனை வருஷம் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. கூரை ஒழுகினால் மனு கொடுப்பார்கள். மண்ணுக்குள் கிடக்கும் குழாய் ஒழுகாதவரை அதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

பாட்டில்காரர் வீட்டுக்கு, கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை வந்தது. அவசரப்பட்டு எட்டாம் மாதமே பிறந்து கையளவுக்கு இருந்ததால் கடுகு என்று கூப்பிட்டார்கள். அளவில்தான் கடுகு. ஒன்றரை வயதில் அவள் வாயை மூட முடியவில்லை. அப்பா, அம்மா, தண்ணி, காக்கா, செருப்பு, அது எனக்கு. மூன்று வீடு தள்ளியிருக்கும் பம்ப் டிரைவரை "பம்ப்பு" என்றே கூப்பிடுவாள். அவர் மறுபடி மறுபடி கூப்பிடச் சொல்லிக் கேட்பார். ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு "பம்ப்பு" என்று பேரம் வேறு.

அவளுக்கு ஒரு வயது முடியும்போதுதான் ஊருக்குப் புதுத் தண்ணீர் வந்தது. அதுவரை ஆழ்குழாய்த் தண்ணீர். கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடித்து நிற்கும். புதிது ஆற்று அணையிலிருந்து வந்தது. கையில் சோப்பைத் தேய்த்தால் பொங்கியது. கெட்டிலின் வெள்ளைப் படிவு மாதக் கணக்கில் கரைந்து, அடிப்பாகம் பளபளவென்று வெளியே வந்தது. பம்ப் டிரைவரின் மனைவி தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, "பாருங்கண்ணே, இதுக்கு நான் என்ன எண்ணெய் தடவினேன்? ஒண்ணுமே இல்ல, வெறும் தண்ணி" என்றாள். பாட்டில்காரர் ஆற்றைத் தன் தோளில் சுமந்து வந்தவர்போலச் சிரித்தார்.

கடுகுக்கு இரண்டரை வயது தாண்டியபின் பேச்சு குறைந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் பிஸ்கட்டைக் காட்டி பம்ப் டிரைவர் எவ்வளவோ கெஞ்சியும் அவள் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "கோபக்காரி" என்று சிரித்தார்கள். பிறகு சாப்பாடு குறைந்தது. அம்மா கரைத்துக் கொடுக்கும் பால்மாவு மட்டும் இறங்கும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். கழிவறையில் உட்கார்ந்து அழுவாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் இருந்தது: எட்டு மாதத்துப் பிள்ளை அப்படித்தான், போகப் போகத் தேறிவிடும்.

நான்கு வயதில் அவளிடம் மிச்சமிருந்தவை ஆறு சொற்கள். அம்மாக்காரி அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, எண்ணினாள், அவ்வளவுதான். ஆறு சொல் ஐந்தாகக் குறைந்த அன்று கணவனை எழுப்பி, "நாளைக்கு நீங்க வேலைக்குப் போக வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, குழந்தையைத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டு பேசினாள்.

"குழந்தை ரத்தத்துல காரீயம் இருக்கு. நிறையவே இருக்கு. சோகை, வயித்து வலி, பேச்சு குறையறது, எல்லாத்துக்கும் அதுதான் காரணம்னு நினைக்கிறேன். மருந்து தர்றேன். ஆனா அது எங்கிருந்து உள்ள போகுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சு நிறுத்தணும். இல்லேன்னா நான் மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்ல. வீட்டுல பழைய பெயின்ட் உதிருதா?"

"கொஞ்சம் உதிருது" என்றாள் அம்மா.

"பொம்மை? பேட்டரி வேலை பாக்கிறவங்க யாராவது பக்கத்துல?"

"பேட்டரி இல்ல. பொம்மை இருக்கு, மரத்துல."

"தண்ணி எப்படி?"

இதுவரை பேசாதிருந்த பாட்டில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணியில இருக்க வாய்ப்பே இல்லம்மா. அதை டெஸ்டுக்கு எடுக்கிறதே நான்தான்" என்றார். அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டரம்மா, "எதுக்கும் ஒருதடவை பாத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தாள்.

பாட்டில்காரர் லீவு போட்டுக்கொண்டு வீட்டைப் புரட்டிப் போட்டார். உதிர்ந்த சுவரை ஈரத் துணியால் துடைத்து, புதுப் பெயின்ட் அடித்தார். சாயம் பூசிய மரப் பொம்மைகளைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டார். அவற்றில் ஒரு வாத்து இருந்தது, கயிறு கட்டி இழுத்தால் தலையாட்டும். அது போன வண்டிக்குப் பின்னால் கடுகு தெருமுனைவரை அழுதுகொண்டே ஓடினாள். வாத்து என்ற சொல் அவளிடம் இல்லாததால் வெறுமனே அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு வரும்போது, பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்ற நிம்மதிதான் அவருக்கு இருந்தது.

தண்ணீரையும் விட்டுவைக்கவில்லை. தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் அவரே மாதிரி எடுத்தார். இவ்வளவு கவனமாக வாழ்நாளில் அவர் எடுத்திருக்கமாட்டார். பஞ்சால் துடைத்தார், கடிகாரம் பார்த்தார், வயிறு எரிய மூன்று நிமிடம் ஓடவிட்டார். மனசு கேட்காமல் நான்காவது நிமிடமும் விட்டார். பிறகு பிடித்து, லேபில் இருக்கும் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்து, "காரீயமும் சேத்துப் பாருங்க மேடம், நம்ம வீட்டுது" என்றார். இரண்டாம் நாள் முடிவு வந்தது. காரீயம் இல்லை என்றே சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. அதை டாக்டரம்மாவிடம் காட்டி, "நான்தான் சொன்னேனே" என்றார்.

அதன்பின் ஒரு மாதம் போயிற்று. மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்து கொடுத்தார்கள். பால் நிறையக் கொடுக்கச் சொன்னதால் அம்மாக்காரி மூன்று வேளையும் பால்மாவு கரைத்தாள். விடிந்ததும் கெட்டிலில் பிடித்த தண்ணீரை, கிருமி செத்துத் தொலையட்டும் என்று பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, ஆற்றி, அதில் கரைத்தாள். மாதக் கடைசியில் மறுபடி ரத்தம் எடுத்தபோது அளவு குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுல என்னத்தையோ நீங்க பாக்காம விட்டிருக்கீங்க" என்றாள்.

அன்று இரவு அம்மாக்காரிக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, கெட்டிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சாப்பாட்டுப் பையின் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினாள். கடுகை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூறலில் நடந்தே லேபுக்குப் போனாள். அவளுக்கு ஸ்பிரிட்டும் தெரியாது, மூன்று நிமிடமும் தெரியாது. பிள்ளை குடிப்பது எதுவோ அதைக் கொண்டுபோனாள்.

இரண்டு நாள் கழித்து, மாதிரிகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்த பாட்டில்காரரை லேப் மேடம் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள். அவருக்கு மகள் வயது. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, உக்காருங்க. அண்ணி ஒரு பாட்டில் கொண்டாந்து கொடுத்தாங்க. உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லியே. எதுக்கு?"

"காரீயம் பாக்கச் சொன்னாங்க. பாத்தேன். இருக்கலாம்னு சொல்ற அளவைப்போல இருபத்தாறு மடங்கு இருக்கு. நம்பாம மறுபடியும் ஒருதடவை ஓட்டினேன். அதேதான் வருது."

பாட்டில்காரர் சிரித்துவிட்டார். "எந்தப் பாட்டில்ல கொடுத்தா? ஊறுகாய் கீறுகாய் போட்டு வெச்சதா இருக்கும். அவளுக்கு என்ன தெரியும் மேடம், நீங்களும் அதைப் போய் டெஸ்ட் பண்ணிக்கிட்டு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதே பாட்டில்ல நம்ம சுத்தத் தண்ணியை ஊத்தி வெச்சும் பாத்தேன். பாட்டில்ல ஒண்ணும் இல்லண்ணே." அவள் பதிவேட்டைப் பிரித்தாள். "நீங்க எடுத்தது எப்படி எடுத்தீங்க?"

"எப்பவும் எடுக்கிற மாதிரிதான். மூணு நிமிஷம் விட்டு. நம்ம பிள்ளை விஷயமாச்சேன்னு நாலு நிமிஷமே விட்டேன்."

"அண்ணி கொண்டாந்தது?"

"அது..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கு மேடம் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவரே சொன்னதுதான். ராத்திரி பூரா குழாய்க்குள் தேங்கியது.

"கிருமி பாக்கிறதுக்கு நீங்க எடுக்கிற முறை சரிதான்ணே" என்றாள் அவள், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "காரீயம் அப்படி இல்ல. அது மெயின் லைன்ல வரல. வீட்டுக்குப் போற சின்னக் குழாய்லேருந்து கரையுது. உங்க குவார்ட்டர்ஸுக்கெல்லாம் அந்தக் காலத்துல காரீயக் குழாய்தான் போட்டிருப்பாங்க. பழைய தண்ணியில சுண்ணாம்பு படிஞ்சு அதை மூடி வெச்சிருந்திருக்கும். புதுத் தண்ணி அந்தப் படிவை அரிச்சிட்டுது. இப்ப தண்ணி ராத்திரி பூரா காரீயத்து மேலதான் நிக்குது. விடிஞ்சதும் வர்ற முதல் தண்ணிதான் மோசம். நீங்க அதைக் கொட்டிட்டு மிச்சத்தை என்கிட்ட கொண்டு வந்திருக்கீங்க."

"கொதிக்க வெச்சுத்தான் மேடம் கொடுக்கிறோம். நல்லா சுண்டச் சுண்ட."

"கிருமின்னா சாகும். இது உலோகம்ணே. தண்ணி சுண்டினா, மிஞ்சினதுல அதிகமாத்தான் ஆகும்."

அவர் எழுந்து, வழக்கம்போலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, எதற்கென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் மேடம்" என்றார். பிறகு அழுதார். ஐம்பது வயது ஆள் அழுவதைப் பார்க்க அந்தப் பெண்ணால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மழை. குடையை விரிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. லேபுக்கு வேண்டாம் என்று கொட்டியதை வீட்டுக்கு வேண்டும் என்று சேர்த்து வைத்திருக்கிறார். இதை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் வேறு மாதிரி தெரியவில்லை. பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். குழாய் கெட்டுப்போச்சு, மாத்தணும், அவ்வளவுதான் என்று சொன்னால் அவள் நம்புவாள். அவர் சொல்வதை அவள் எப்போதும் நம்பித்தான் வந்திருக்கிறாள்.

அவள் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கடுகு தரையில் ஸ்பூன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நனைந்து நின்றவரைப் பார்த்ததும் மனைவி அடுப்பை அணைத்தாள்.

"மேடம் சொல்லிட்டாங்களா?"

"சொன்னாங்க."

"இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உங்க டெஸ்ட்டுல ஏன் வரல?"

அவர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. மெயின் லைன், சின்னக் குழாய், புதுத் தண்ணீர், சுண்ணாம்பு, கொதிக்கவைத்தது எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"ஊர்ல அத்தனை வீட்டுலயும் மூணு நிமிஷம் விட்டீங்களே. நம்ம வீட்டுல ஏங்க விடல?"

"வீணாகுதேன்னுதாம்மா."

அவள் தலையை ஆட்டினாள், அது சரியான பதில்தான் என்பதுபோல. கெட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். பருப்பையும் கொட்டினாள். அன்றைக்குக் கடையில் வாங்கி வந்த ரொட்டியைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிவதற்குள் அவர் பதினொரு வீட்டுக் கதவையும் தட்டி, முதல் தண்ணீரை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டிலும் ஓடவிடாமல் ஒரு பாட்டில் பிடித்தார். பதினொன்றிலும் இருந்தது. சில வீடுகளில் பத்து மடங்கு, சிலவற்றில் முப்பது. பம்ப் டிரைவரின் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. முடிவு தெரிந்த அன்று பம்ப் டிரைவர் தெருவில் வைத்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு நீதானேய்யா சொன்னே?"

"நான்தான்."

"உன்னை நம்பித்தானேய்யா குடிச்சோம்?"

"ஆமாண்ணே."

பம்ப் டிரைவர் பிடித்த சட்டையை விட்டுவிட்டு, "உன் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அலுவலகம் அசைவதாக இல்லை. மேலதிகாரி கூப்பிட்டு, முறைப்படி எடுத்த மாதிரியில் குறை இல்லையே, நீங்களே எடுத்துக் கொடுத்ததுதானே என்றார். பாட்டில்காரர், தான் இதுவரை எடுத்த எந்த மாதிரியும் காரீயத்துக்குச் செல்லாது என்று வெள்ளைக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் மேஜையில் வைத்தார். "யோசிச்சுதான் பண்றீங்களா? விசாரணை வந்தா முதல்ல உங்க தலைதான் உருளும்" என்றார் அதிகாரி. "உருளட்டும் சார்" என்றார் இவர். அந்தக் காகிதம் போன இடத்துக்கெல்லாம் போய், பதினெட்டாம் நாள் குழாய் தோண்ட ஆள் வந்தது. அதுவரை லாரித் தண்ணீர்.

தோண்டியவன் ஸ்பானர்தான். இடுப்பளவு பள்ளத்தில் இறங்கி, சேற்றை வழித்து, குழாயைத் துண்டாக வெட்டி மேலே போட்டான். சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் பருமனில், அளவுக்கு மீறிக் கனமாக இருந்தது. "எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்கண்ணே, வெட்டும்போது ரம்பத்துக்கே வேலை இல்ல" என்று நகத்தால் கீறினான். கீறிய இடம் வெள்ளிபோல மின்னியது. "உள்ளாற பாருங்க. முன்னாடியெல்லாம் வெட்டினா உள்ள வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும். இப்ப கழுவி விட்ட மாதிரி இருக்கு." பாட்டில்காரர் அந்தத் துண்டை ஒரு கண்ணருகே வைத்து உள்ளே பார்த்தார். அந்தப் பக்கம் தெரு தெரிந்தது.

டாக்டரம்மா மூன்றாம் முறை ரத்தம் எடுத்தபோது அளவு பாதியாக இறங்கியிருந்தது. கடுகு கொஞ்சம் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். வயிற்று வலி நின்றிருந்தது. பாட்டில்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது முழுசா இறங்கிட்டா பேச்சு வந்துடுமாம்மா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே, "ரத்தத்துலேருந்து இறங்கும். மூளையில நடந்தது நடந்ததுதான். பயிற்சி கொடுப்போம். சில பிள்ளைங்க நல்லாவே முன்னேறுவாங்க. எவ்வளவுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. பொய் சொல்லக் கூடாதில்லையா?" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மடியில் தூங்கிய பிள்ளைக்கு மேலாக மனைவி பேசினாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் பேசினாள்.

"போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம், என்னாலதான், நான் சொல்லித்தான்னு சொல்லிட்டுத் திரியுறீங்களாமே."

"உண்மை அதானேம்மா."

"நீங்க வாயால சொன்னீங்க, அவ்வளவுதான். பிடிச்சவ நான். சுண்டக் காய்ச்சினவ நான். வேணாம் வேணாம்னு அவ தலையைத் திருப்பினப்பக்கூட மூக்கைப் பிடிச்சு ஊத்தினவ நான். எல்லாப் பழியையும் நீங்களே எடுத்துக்கிட்டா, நான் என்னத்தை வெச்சுக்கிட்டு அழுவேன்?"

அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை அப்படியே இருந்தார்கள்.

புதுக் குழாய் போட்டு ஒரு வாரம் ஆனதும் லேப் மேடம் நேரில் வந்தாள். இரவு முழுக்கத் தேங்கவைத்த முதல் தண்ணீரைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு போனாள். மறுநாள் மாலை முடிவை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்து, "காரீயம் துளிகூட இல்லண்ணே. இனிமே பயமில்லாம குடிங்க" என்றாள். அவர் அதை வழியில் நான்கு தடவை எடுத்துப் படித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நீட்டினார். அவளும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

லாரித் தண்ணீர் அன்று மதியத்தோடு தீர்ந்திருந்தது. வெயில் காய்ந்த நாள். கடுகு வாசலில் விளையாடிவிட்டு வியர்த்து வந்து, அம்மாவின் உடையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துவிட்டுக் குழாயைக் காட்டினாள். தண்ணீருக்கான சொல் அவளிடமிருந்து போய் ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது.

அம்மாக்காரி டம்ளரைக் கழுவி, குழாயைத் திறந்து பிடித்தாள். பிடித்தவள் குனியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

"கொடுக்கலாமா?"

காகிதம் அவர் கையிலேயே இருந்தது. அதில் எழுதியிருந்தது அவருக்கு மனப்பாடம். மேடம் சரியாகத்தான் பிடித்தாள், சரியாகத்தான் பார்த்தாள், குழாய் புதிது. ஆமாம் என்று சொன்னால் போதும்.

"உங்களைத்தாங்க கேக்குறேன். கொடுக்கலாமா?"

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பிள்ளை மறுபடி இழுத்ததில் மனைவியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, கொஞ்சம் தரையில் சிந்தியது. கடுகு எட்டாத டம்ளருக்குக் கையை உயர்த்திக்கொண்டு, அப்பாவின் வாயையே பார்த்தபடி நின்றாள்.